நண்பனைத் தியானத்திற்கு அழைத்தல்: ஓர் அறவியல் நோக்கு

நாம் நன்றெனக் கண்டதொன்றை நண்பர்க்கும் உரித்தாக்க விழைதல் மனித இயல்பு. நல்ல நூலொன்றைப் படித்து முடித்தவன் அதனை நண்பன் கையிலே திணிக்கின்றான். நோய் தீர்ந்தவன் தன்னைக் குணப்படுத்திய வைத்தியரின் பெயரைக் கண்டவரிடமெல்லாம் கூறுகின்றான். இவற்றில் அறப் பிரச்சினை எதனையும் யாரும் காண்பதில்லை. ஆனால் தியானத்திற்கு வா என ஒருவன் தன் நண்பனை அழைக்கும்போது நிலைமை வேறாகின்றது. நீ உன் மனத்தை நோக்கும் முறை போதாது, வேறொரு முறையைக் கைக்கொள் என்பதே அவ்வழைப்பின் உட்பொருள். அதிலும், தியானம் பௌத்த மரபுக்குரியதாகவும் அழைக்கப்படுபவர் இலங்கைத் தமிழராகவும் இருந்துவிடின், அழைப்பின் பாரம் பன்மடங்காகிவிடுகின்றது. விருப்பமில்லாத நண்பரை இவ்வழியில் ஊக்குதல் எவ்வளவு தூரம் நியாயமாகும்? அது நின்றுவிட வேண்டிய இடம் எது? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பௌத்த நூல்கள் இதற்கு எளிதான விடையொன்றைத் தருவனபோல முதலிலே தோன்றும். தன்மத்திற்குக் கூறப்படும் அடைமொழிகளுள் ஒன்று 'ஏஹிபஸ்ஸிகோ' என்பது. வந்து பார் என்று அழைக்கும் இயல்பினது என்பது அதன் பொருள். நம்பு என்பதன்று, பார் என்பதே அழைப்பு. கேசபுத்தத்திலே காலாமர்க்கு நிகழ்த்திய உபதேசத்தில், மரபு என்பதனாலோ, நூலிற் கண்டது என்பதனாலோ, கூறுபவர் தம் ஆசிரியர் என்பதனாலோ ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டாமெனப் புத்தர் அறிவுறுத்துகின்றார். இவற்றை மட்டும் வைத்து நோக்குமிடத்து வற்புறுத்தலுக்கு இடமேயில்லை என்று முடித்துவிடலாம். ஆயின், அதே பாளித் திரிபிடகத்தின் மச்சிம நிகாயத்தில், எண்பத்தோராவது சூத்திரத்தில், இம்முடிவை அசைத்துவிடும் கதையொன்று உண்டு. அது கடிகாரன் என்னும் குயவனின் கதை. (நேரங்காட்டும் கருவியின் நினைவு வாசகர்க்கு எழுவது இயல்பே. குடத்தைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து குடம் வனைபவனும் நாழிகைக் குடத்தின் வழிவந்த கருவியும் பெயர் பெற்றிருக்கின்றனர்.)

காசியப்ப புத்தரின் காலத்தில் வேபலிங்கம் என்னும் ஊரிலே கடிகாரன் வாழ்ந்தான். சோதிபாலன் என்ற அந்தண இளைஞன் அவனுடைய நண்பன். காசியப்பரைக் காணச் செல்வோம் வா என்று குயவன் அழைக்கின்றான். அந்த மொட்டைத்தலைத் துறவியைக் கண்டு ஆவதென்ன என்று சோதிபாலன் மறுக்கின்றான். மூன்று முறை அழைப்பும் மூன்று முறை மறுப்பும் நிகழ்கின்றன. பின்னர்க் குயவன், சரி, உடல் தேய்க்கும் பொருள்களை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கவாயினும் போவோம் என்கின்றான். அதற்கு மறுப்பில்லை. ஆற்றங்கரையிலே, காசியப்பரின் ஆராமம் அண்மையிற்றானே இருக்கின்றது என்று மீண்டும் தொடங்குகின்றான். மறுப்பும் மீண்டும் மும்முறை வருகின்றது. அப்போது கடிகாரன் நண்பனின் இடைக்கச்சையைப் பற்றுகின்றான். சோதிபாலன் அதனை விடுவித்துக்கொள்கின்றான். இறுதியில், தலைமுழுகி நிற்கும் அந்தணனின் கூந்தலையே குயவன் பிடித்துவிடுகின்றான்.

கதையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது. சோதிபாலனுக்குச் சினம் எழவில்லை, வியப்பே எழுகின்றது. தாழ்ந்த குலத்தவனான இவன், தலைமுழுகிய என் முடியைத் தொடத் துணிந்தானெனின் இது சிறிய விடயமாக இருக்க முடியாது என அவன் எண்ணுகின்றான். இவ்வளவு தூரத்திற்கா என்று கேட்கின்றான். இவ்வளவு தூரத்திற்குத்தான் என்று குயவன் விடையிறுக்கின்றான். அதன்பின் இருவரும் சேர்ந்தே செல்கின்றனர். அந்தச் சோதிபாலன் வேறு யாருமல்லன், முற்பிறவியில் தாமே என்று புத்தர் ஆனந்தருக்குக் கூறிக் கதையை முடிக்கின்றார். முடியைப் பிடித்து இழுக்கப்பட்ட, விருப்பமற்ற ஒருவனாகத் தம்மையே அவர் நினைவுகூர்கின்றார் என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியானால் வற்புறுத்தல் நியாயமே என்று கொள்ளலாமா? கதையை மீண்டும் உற்று நோக்கினால் அவ்வளவு விரைவாக அம்முடிவுக்கு வர இயலாது. ஆராமத்தை அடைந்ததும் கடிகாரன் செய்வது ஒன்றேயொன்றுதான். இவன் என் அன்புக்குரிய நண்பன், இவனுக்குத் தன்மத்தை உபதேசித்தருள வேண்டும் என்று கூறி ஒதுங்கிவிடுகின்றான். அவன் தானே மெய்ந்நெறியில் மிக உயர்ந்த நிலையை எய்தியவன் எனச் சூத்திரம் கூறுகின்றது. கற்பிக்கும் தகுதி அவனுக்கு இருந்தது. எனினும் அவன் கற்பிக்க முனையவில்லை. அவனுடைய கை நண்பனை வாயில்வரை மட்டுமே இழுத்தது. வாயிலுக்கு அப்பால் என்ன காண்பது, எதனை ஏற்பது, எதனை விடுவது என்பனவெல்லாம் சோதிபாலனுக்கே விடப்பட்டன. திரும்பி வரும் வழியில் துறவு பூண விரும்புபவனாகச் சோதிபாலன் மாறியிருக்க, கடிகாரனோ கண்ணிழந்த முதிய பெற்றோரைப் பேணும் பொருட்டு இல்லறத்திலேயே நின்றுவிடுகின்றான். தன்னைப்போல் நண்பனும் இருக்க வேண்டும் என்ற ஆசை அவனிடம் இல்லை. அழைத்தவன் வீட்டிலும் அழைக்கப்பட்டவன் துறவிலும் நின்றதை நூல் ஒரு குறையாகக் கூறவுமில்லை.

கடிகாரனின் அன்றாட வாழ்வையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். அவன் தன் கையால் மண்ணைத் தோண்டுவதில்லை, இடிந்து விழுந்த கரையிலிருந்தும் எலி வளைகளின் அருகிலிருந்தும் மண் எடுத்தே பாண்டம் வனைகின்றான். வனைந்தவற்றை வெளியில் வைத்துவிட்டு, வேண்டியவர் அரிசியோ பயறோ கடலையோ வைத்து எடுத்துச் செல்லலாம் என்று விட்டுவிடுகின்றான். பேரம் பேசுவதில்லை. தன் பானைக்கு விலைகூடச் சொல்லாத ஒருவன் நண்பனின் கூந்தலைப் பற்றினான் என்றால்தான் அச்செயலுக்குப் பொருள் உண்டாகின்றது. எதனையும் எவர்மீதும் திணிக்காதவன் ஒருமுறை திணித்தான். எந்நேரமும் திணிப்பவன் அதே செயலைச் செய்திருந்தால் சோதிபாலன் வியந்திருக்கமாட்டான், கையைத் தட்டிவிட்டிருப்பான்.

இவ்விடத்தில் குறள் நமக்கு நினைவுக்கு வரலாம். நட்பதிகாரத்தில் இடித்துரைத்தல் நட்பின் இலக்கணங்களுள் ஒன்றாகின்றது. ஆயினும், அங்கே இடித்துரைக்கப்படுபவன் நெறி தவறியவன். தியானம் செய்யாதவன் நெறி தவறியவன் அல்லன். நம்மிற் பலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். புதிதாகப் பயிற்சியைத் தொடங்கியவரிடம் இம்மறதி மிகுதி. பத்து நாள் அமர்ந்துவிட்டு வந்தவர், அமராத நண்பரைச் சற்று இரக்கத்தோடு நோக்கத் தொடங்குகின்றார். அந்த இரக்கத்தை நண்பர் உடனே இனங்கண்டுவிடுகின்றார். பின்பு எவ்வளவு இனிமையாக அழைத்தும் பயனில்லை.

புத்தரே ஒருமுறை உபாயம் ஒன்றைக் கையாண்டதாக நூல்கள் கூறுவதையும் இங்கு மறைத்தல் முறையன்று. அவருடைய தம்பி நந்தன், விட்டுவந்த பெண்ணின் நினைவால் துறவு வாழ்வில் மனம் ஒட்டாதிருந்தான். தேவருலக அரம்பையர் ஐந்நூற்றுவரைக் காட்டி, நீ பயிற்சியில் நிலைத்து நின்றால் இவர்களைப் பெற நான் பிணை என்கின்றார் புத்தர். நந்தன் அரம்பையரை எண்ணியே பயில்கின்றான். உடனிருந்த பிக்குகள் அவனைக் கூலிக்காரன் என்று எள்ளுகின்றனர். நாணம் அவனைச் சுட, அவன் உண்மையாகவே முயன்று விடுதலை எய்தி, பின்னர்ப் புத்தரைப் பிணையிலிருந்து விடுவிக்கின்றான். உதானத்தில் இடம்பெறும் இக்கதையின் தலைவனைக் கொண்டே அசுவகோசர் சௌந்தரநந்தம் என்னும் வடமொழிக் காவியத்தை ஆக்கினார். கதை இனியது. ஆனால் நண்பர்களாகிய நாம் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக இதனைக் கொள்ளுதல் ஆபத்தானது என்பதே என் கருத்து. நந்தனின் மனம் எங்கே சென்று முடியும் என்பதை அறிந்த ஆசிரியன் செய்தது அது. நாமோ நண்பரின் மனத்தை அவ்வாறு அறிந்தவர்கள் அல்லர். பரீட்சையில் கூடிய புள்ளி பெறலாம், தூக்கம் நன்றாக வரும், கோபம் தணியும் என்றெல்லாம் கூறித் தியானத்தை விற்பவர்கள் அரம்பையரைக் காட்டுகின்றனர். அவர்களிடம் பிணை நிற்கும் வல்லமை இல்லை.

அறியாமையால் நேரக்கூடிய தீங்கு கற்பனையன்று. தம்மபத அட்டகதையிலே ஒரு பொற்கொல்லனின் மகன் வருகின்றான். இளைஞனாதலால் இவனுக்கு ஆசை மிகுதியாக இருக்குமென எண்ணிய சாரிபுத்தர், உடலின் அருவருப்பைச் சிந்திக்கும் தியானத்தைக் கொடுக்கின்றார். மாதக்கணக்கில் முயன்றும் அவனுக்கு மனம் குவியவில்லை. பல பிறவிகளாகப் பொன்னையே கையாண்டுவந்த அவனுக்குப் புத்தர் ஒரு பொற்றாமரையைக் காட்ட, அதன் அழகில் மனம் ஒன்றி, அது வாடுவதைக் கண்டு அவன் தெளிவடைகின்றான். அறிவில் முதல்வரெனப் போற்றப்பட்ட சாரிபுத்தருக்கே இவ்வாறு நேர்ந்ததாகக் கூற அம்மரபு தயங்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், நாற்பது தியானப் பொருள்களையும் மாந்தரின் ஆறு வகைச் சுபாவங்களையும் வகுத்து எதற்கு எது பொருந்தும் என்று விரிவாக ஆராய்வது இக்காரணம் பற்றியே. வேசாலியில் நிகழ்ந்ததாகச் சம்யுத்த நிகாயமும் விநயமும் கூறும் செய்தியோ இதனினும் கொடியது. அருவருப்புத் தியானத்தில் மூழ்கிய பிக்குகள் பலர் தம் உடலையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டனர். அதன் பின்னரே, ஆனந்தரின் வேண்டுகோளுக்கிணங்க, மூச்சை அவதானிக்கும் ஆனாபானசதி அங்கே உபதேசிக்கப்பட்டது.

ஆகவே நண்பரின் தயக்கத்தை வெறும் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. சிலவேளை அது சோம்பலே. நேரமில்லை என்னும் கூற்றை நாம் எல்லோரும் அறிவோம், அதனைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. சிலவேளைகளிலோ தயக்கமே அறிவாக இருத்தல் கூடும். போரினுள் வளர்ந்தவர்களும், அவர்களால் வளர்க்கப்பட்டவர்களும் பயிலும் பல்கலைக்கழகங்கள் நம்முடையவை. கண்ணை மூடி மௌனமாக அமர்ந்தால் எல்லோர்க்கும் அமைதி வருவதில்லை. சிலர்க்கு அடக்கி வைத்தவை அனைத்தும் ஒருங்கே மேலெழுந்து வரும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினாற் பாதிப்புற்றோருக்கு அவரவர் சமய மரபுக்கு இசைந்த தளர்வுப் பயிற்சிகளைப் பயன்படுத்தியமை பற்றி எழுதியிருக்கின்றார். மந்திரம் செபித்துப் பழகியவருக்கு மந்திரம், மூச்சைக் கவனித்துப் பழகியவருக்கு மூச்சு என்னும் அம்முறையில், பொற்கொல்லன் மகனுக்குத் தாமரை காட்டிய அதே அறிவைக் காணலாம்.

தயக்கத்தின் வேறொரு முகம் மதமாற்றம் பற்றிய அச்சம். பர்மாவில் வாழ்ந்த இந்து வணிகரான கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியால் வருந்தி, 1955 இல் ஊ பா கின் என்னும் இல்லற ஆசிரியரிடம் சென்றபோது, இத்தியானம் தம்மைப் பௌத்தராக்கிவிடுமோ என்று அஞ்சித் தயங்கியதைப் பின்னாளில் அவரே விரிவாகக் கூறியுள்ளார். தலைவலியைத் தீர்ப்பதற்காக மட்டும் வருவதானால் வரவேண்டாம் என்று ஆசிரியர் மறுத்தார் என்பதும், ஒழுக்கம், மனவொருமை, ஞானம் ஆகிய மூன்றில் எதற்கு இந்துவாகிய உமக்கு ஆட்சேபம் என்று வினவினார் என்பதும் அவர் கூறியவையே. கணக்காளர் நாயகமாக இருந்த ஊ பா கின், அரம்பையரைக் காட்ட மறுத்தார் என்று நாம் சொல்லலாம். சைவ மரபினர் எழுப்பும் மறுப்பும் இதனை ஒட்டியது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுதும் யோகமாயிருக்க, சும்மா இருத்தலைப் பற்றி நம் பெரியோர் இவ்வளவு பேசியிருக்க, நாம் ஏன் வேறு வாயிலைத் தட்ட வேண்டும்? நியாயமான வினா. தம் வீட்டுக் கிணற்றில் இறைப்பவரை அயல் கிணற்றுக்கு அழைக்க வேண்டியதில்லை. இறைக்காமலேயே கிணற்றின் பெருமையைப் பேசுபவரிடம் மட்டும் நாம் சற்று வாதிடலாம்.

ஆனால் என் நண்பரொருவரின் தயக்கம் இவற்றுள் எதுவுமன்று. அவர் திருகோணமலையைச் சேர்ந்தவர். நிலம்பைத் தியான நிலையத்திற்கு ஒருமுறை வாருங்கள் என்று அழைத்தபோது அவர் கூறியது இது: 2005 மே மாதத்தில் எங்கள் நகரின் நடுவே, பஸ் நிலையத்திற்கு அருகில், இரவோடிரவாகப் புத்தர் சிலையொன்று எழுந்தது; என் வீட்டார் புத்தரை அறிந்தது அப்படித்தான். மணிமேகலையை எடுத்துக்காட்டி, பௌத்தம் தமிழர்க்கு அந்நியமன்று என நான் வாதிட்டேன். கந்தரோடையைத் தமிழ்ப் பௌத்தத்தின் சான்றென நாம் கூறுகின்றோம், வேறு சிலர் அதே கந்தரோடையை வேறொன்றுக்குச் சான்றாக்குகின்றனர், பழமை பேசி நீ எனக்கு ஆறுதல் கூற முடியாது என்றார் அவர். அரசியலமைப்பு 1972 இலும் பின்னர் 1978 இலும் ஒரு சமயத்திற்கு முதன்மை இடம் அளித்துவிட்ட நாட்டில், அச்சமயத்தின் பெயரைத் தாங்கிய எந்த அழைப்பும் தனி மனிதனின் அழைப்பாக மட்டும் ஒலிப்பதில்லை.

இம்மறுப்பை வரலாற்றைக் கொண்டு ஓரளவு எதிர்கொள்ளலாம். இல்லறத்தார் பெருந்தொகையாகத் தியானத்தில் அமர்வது இத்தீவில் தொன்றுதொட்டு நிலவிய வழக்கமன்று. வனவாசிப் பிக்குகளின் தனியுடைமை போல இருந்த அது, பர்மிய ஆசிரியரான மகாசி சயாதோவின் முறை இங்கே பரவிய 1950களிலேதான் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது. கந்துபொடவில் தியான நிலையம் தொடங்கப்பட்டது 1956 இல். புத்த ஜயந்தி கொண்டாடப்பட்டதும் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே 1956 இல். அமைதியாக அமர்ந்து தன் மனத்தின் வெறுப்பைத் தானே காணும் பயிற்சியையும், மொழியையும் சமயத்தையும் அரசின் கருவியாக்கும் போக்கையும் ஒரே ஆண்டு இந்நாட்டுக்கு அளித்தது. இரண்டும் ஒன்றல்ல என்று என்னால் உறுதியாகக் கூற முடியும். இரண்டுக்கும் தொடர்பேயில்லை என்று கூற முடியாது. தியானம் செய்த தலைமுறையினர் தம் கண்முன் நிகழ்ந்தவற்றைப் பற்றி எவ்வளவு பேசினர் என்று நண்பர் கேட்டால், என்னிடம் நல்ல விடை இல்லை.

அவ்வாறாயின் அழைப்பைக் கைவிடுவதா? இதற்கு மேகியரின் கதையிலே ஒரு குறிப்புக் கிடைக்கின்றது. புத்தருக்குப் பணிவிடை செய்துவந்த மேகியர் ஆற்றங்கரை மாந்தோப்பொன்றைக் கண்டு, அங்கே தனித்திருந்து தியானிக்க விரும்பினார். வேறொரு பிக்கு வரும்வரை பொறுத்திரு என்று புத்தர் கூறியும் கேளாமல், மும்முறை வேண்டி விடைபெற்றுச் சென்றார். தோப்பில் அமர்ந்ததும் காமமும் பகையும் கொடுமையும் பற்றிய எண்ணங்களே அவரை மொய்த்தன. திகைத்துத் திரும்பியவரிடம், மனம் கனிவதற்கு வேண்டியவை ஐந்து என்று கூறிய புத்தர், அவற்றுள் முதலாவதாக வைத்தது நல்ல நண்பனை. பிறிதோரிடத்தில், நல்ல நட்பு மேலான வாழ்வின் பாதி என்று ஆனந்தர் கூற, பாதியன்று, முழுவதுமே அதுதான் என்று அவர் திருத்துகின்றார். இதனை நாம் அழைப்பவரின் பக்கத்திலிருந்து நோக்க வேண்டும். நட்பு முன்னே வருவது, தியானம் அதன்மேல் எழுவது. தியானத்திற்காக வற்புறுத்தி வற்புறுத்தி நட்பையே நலியச் செய்பவன், விதைநெல்லை அவித்துத் தின்றுவிட்டு வயலுக்குப் போகின்றான்.

இக்கட்டுரையின் பெரும்பகுதியை எழுதியபின் கடிகாரனின் கதையை நண்பருக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிந்தித்துவிட்டு, நான் கவனியாத ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தலைமுழுகிய அந்தணனின் முடியைக் குயவன் தொட்டால் அன்றைய உலகில் இழப்பு யாருக்கு? இழுக்கப்பட்டவனுக்கன்று, இழுத்தவனுக்கே. அடியோ அதற்கு மேலானதோ அவனுக்குக் கிடைத்திருக்கலாம். அதனை அறிந்தே அவன் கையை நீட்டினான். அதனாற்றான் சோதிபாலன் இவ்வளவு தூரத்திற்கா என்று கேட்டான். என்னை நிலம்பைக்கு அழைப்பதில் நீ எதனை இழக்கத் துணிந்திருக்கின்றாய் என்று அவர் வினவினார்.

நான் எதுவும் கூறவில்லை. விடுமுறைக்குத் தம் ஊருக்கு வருமாறு அவர் அழைத்தார். கோணேசர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் எல்லோரும் போகின்றார்கள், பஸ் நிலையத்தடியில் என்னோடு சற்றுநேரம் நின்று பார் என்றார். அடுத்த மாதம் செல்வதாக இருக்கின்றேன்.